சக்கரத்துக்கு ஒரு பிடி தரை

பழவேற்காட்டில் நான் பார்த்த கேரவன் புதைய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பூநாரை பார்க்கச் சென்னையிலிருந்து வந்த குடும்பம், தார்ச்சாலையை விட்டு இறங்கி, வேலிகாத்தான் புதர்களைத் தாண்டி, ஏரி நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தியிருந்தது. உள்ளேயே அடுப்பு மூட்டி டீ போட்டுக் குடித்தார்கள். இரண்டு மணி நேரம் அந்தத் தரை வண்டியைத் தாங்கிக்கொண்டுதான் இருந்தது. கிளம்பும்போது பின்சக்கரம் ஒன்று வெறுமனே சுற்றியது. ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதித்தார். கருஞ்சேறு பின்னால் வாரியடித்தது. வண்டியின் பின்பக்கம் ஒரு சாண் இறங்கியது. இன்னும் மிதித்தார். அச்சு மண்ணில் உட்கார்ந்துவிட்டது.

வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து நின்றார். "தம்பி, மொதல்ல வண்டிய அணைப்பா. அது போவல, பள்ளம் தோண்டினுகீது" என்றார். டிராக்டர் கிடைக்குமா, கயிறு கிடைக்குமா என்று சுற்றி நின்றவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவர் கேட்ட கேள்வி வேறு: "உள்ள தண்ணி எவ்ளோ வச்சினுகீறீங்க?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்கு வித்து. ஈரமண்ணில் மாட்டிய வண்டிக்கு ஊருக்கு ஊர் ஒரு வைத்தியம் உண்டு. காற்றை இறக்கு என்பார் ஒருவர். கல்லைப் போடு என்பார் இன்னொருவர். முன்னும் பின்னும் ஆட்டு, ஜேசிபியைக் கூப்பிடு, ஆளைச் சேர்த்துத் தள்ளு... எல்லாமே ஏதோ ஓரிடத்தில் பலித்தவைதான். இன்னோரிடத்தில் வண்டியைக் கூடுதலாகப் புதைத்தவையும்தான். எது எங்கே பலிக்கும் என்பதைப் பழவேற்காட்டு மண்ணை வைத்தே பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதைந்த வண்டிக்கு எஞ்சின் பலம் போதாமல் போவது அபூர்வம்; காலூன்றத் தரை இல்லாததுதான் அதன் நோய். இழுப்பது கடைசி வேலை. தரை செய்வது முதல் வேலை.

தரை என்றால் எந்தத் தரை? பழவேற்காடு ஏரி, சிலிக்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்முனை திருவள்ளூர் மாவட்டத்தில். ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கடல் தன் பங்குக்கு முகத்துவாரம் வழியாக மணலை உள்ளே தள்ளுகிறது. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான் என்பதால், நீர் ஓரடி ஏறி இறங்கினாலே கரை வெகுதூரம் நகர்ந்துவிடும். தை மாதத்தில் நாம் வண்டி நிறுத்தும் இடம் பல வருடங்களில் கார்த்திகை மாதத்து ஏரி. இதில் ஒரு விபரீதம் உண்டு. வடகிழக்குப் பருவமழை முடிந்து பறவைகள் கூடுகிற காலமும் கரைமண் ஊறிக் கிடக்கிற காலமும் ஒன்று. மனிதர்கள் பார்க்க வருவதும் அப்போதுதான்.

லைட்ஹவுஸ் குப்பத்துப் பக்கம் கடற்கரை மணல். ஏரிப்பக்கம் வந்தால் களியும் வண்டலும். இரண்டும் வண்டியைப் புதைக்கும், ஆனால் வெவ்வேறு விதமாக. காய்ந்த மணலில் மணிக்கு மணி பிடிப்பு இல்லை. சக்கரம் அதைப் பக்கவாட்டில் ஒதுக்கிக்கொண்டே இறங்கும். லேசான ஈரம் இருந்தால் நீர் மணிகளை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும். குழந்தைகள் மணல்வீடு கட்ட முடிவது அதனால்தான், அலை ஏறி வடிந்த விளிம்பில் வண்டி ஓட முடிவதும் அதனால்தான். நீர் முழுக்க நிறைந்துவிட்டால் கதை மாறும். அந்த மணலில் வண்டி நின்று எஞ்சின் அதிர்ந்தாலே மணிகளுக்கு இடையிலுள்ள நீர் எடையை வாங்கிக்கொள்ளும், மணல் கூழாகும். ஓடும்போது தாங்கிய இடம் நின்றால் தாங்காது. "ஈரமணல் கெட்டி" என்று யாரோ சொன்னதை நம்பி அங்கே நிறுத்திவிட்டுப் படம் எடுக்கிறவர்கள் இதைத் தாமதமாகத் தெரிந்துகொள்கிறார்கள்.

களிமண் இன்னும் தந்திரமானது. உப்புநீரில் களியின் நுண்துகள்கள் திரண்டு கட்டிகட்டியாக நிற்கும். மழைநீர் வந்து உப்பைக் கழுவிவிட்டால் சோடியம் ஏறிய அந்தத் துகள்கள் பிரிந்து மிதக்கத் தொடங்கும். மண் வழவழப்பான குழம்பாகும். நாலு நாள் வெயில் அடித்தால் மேலே ஒரு பொருக்கு கட்டும். வெளுத்த, வெடித்த, பார்வைக்குக் கல்போன்ற பொருக்கு. அதற்கு அடியில் கருஞ்சேறு அப்படியே இருக்கும். காற்றுப் புகாத அந்தச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அழுகிய முட்டை நாற்றத்தை உண்டாக்குகின்றன. குச்சியால் குத்திப் பார்த்து முனை கறுத்து நாறினால் வண்டியைத் திருப்பிவிடலாம். செடியும் சொல்லும். வேலிகாத்தான் அடர்ந்து நிற்கிற மேடு பெரும்பாலும் தாங்கும். உமரி படர்ந்த தட்டைநிலம் உப்பும் ஈரமும் ஊறிய இடம். அங்கே மாட்டுக் குளம்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நம் கேரவனைத் தரை இரண்டு மணி நேரம் தாங்கியது எப்படி என்பதற்கும் பொருக்கே விடை. டயரின் கீழ் தரைமேல் விழும் அழுத்தம், தோராயமாக டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம்தான். டெம்போ டிராவலரில் கட்டிய கேரவனுக்குப் பஞ்சர் கடையில் 55 என்று சொல்லிக் காற்றடித்தால், சக்கரத்தடியில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 4 கிலோ. மென்மையான களி உடையாமல் தாங்குவது சுமார் 1 கிலோ. நன்றாக ஊறிய சேறு அரைக்கிலோவுக்கே தடுமாறும். பொருக்கு அந்த 4 கிலோவைப் பலகைபோல் பரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. சக்கரம் ஒரு சுற்று வழுக்கியதும் பொருக்கு கிழிந்தது. அதன்பிறகு நடந்தது வெறும் கணக்கு.

நடந்து பார்த்துவிட்டு "கெட்டியாத்தான் இருக்கு" என்று சொல்கிறோமே, அதில் பொருள் இல்லை. ஒற்றைக்காலில் நிற்கும் ஆளின் பாதத்தடியில் விழுவது அரைக்கிலோ அளவுதான். குதிகாலை மட்டும் ஊன்றி, முழு எடையும் அதில் விழும்படி நின்று பாருங்கள். இரண்டு, இரண்டரைக் கிலோவாவது விழும். குதிகால் இறங்குகிற இடத்தில் சக்கரமும் இறங்கும். காசு செலவில்லாத மண்பரிசோதனை இது.

வண்டி சேற்றில் இறங்குவது தமிழுக்குப் புதிய துன்பம் அன்று. புறநானூற்றின் 60ஆம் பாட்டில் உறையூர் மருத்துவன் தாமோதரனார், கழி உப்பை ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்குப் போகும் வண்டி ஆழப் புதைய, அதை மீட்டு இழுத்துச் செல்லும் வலிய எருதைத் தன் சோழ மன்னனுக்கு உவமையாக்குகிறார். 102ஆம் பாட்டில் ஒளவையார், உப்பு வணிகரான உமணர் மேடுபள்ளத்தை எண்ணி வண்டியின் அடிமரத்தில் கட்டிச்செல்லும் மாற்று அச்சைப் பாடுகிறார். இன்று டிக்கியில் ஸ்டெப்னி வைத்திருக்கிற நாம், சேற்றுக்கென்று ஒரு பலகை வைத்திருக்கிறோமா? உமணர்கள் நம்மைவிட முன்யோசனைக்காரர்கள். எருதுக்கு இன்னொரு அனுகூலமும் இருந்தது. அது வண்டிக்கு முன்னால், தனக்கென்று நாலு கால் தரை தேடிக்கொண்டு இழுத்தது. மோட்டார் வண்டியோ புதைந்த அதே சக்கரத்தால் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளப் பார்க்கிறது.

சக்கரத்துக்கும் மண்ணுக்கும் உள்ள இந்த உறவைத் தனி அறிவியலாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் போலந்துக்காரரான மெச்சிஸ்வாவ் பெக்கர். 1956இல் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் இத்துறையின் அடித்தளம். பிற்பாடு அமெரிக்காவில் நிலவு ஊர்தியின் உருவாக்கத்திலும் அவர் பங்கு இருந்தது. 1971இல் அப்போலோ 15 கொண்டுபோன அந்த ஊர்திக்குக் காற்றடைத்த டயர் கிடையாது, கம்பியால் பின்னிய சக்கரம். மிதித்தால் பரந்து கொடுக்கும், எடை போனால் மீளும். சேற்றில் காற்றை இறக்கிய டயர் செய்கிற வேலையும் ஏறத்தாழ அதுதான்.

செவ்வாய்க் கோளில் நாசாவின் ஸ்பிரிட் ஊர்திக்கு 2009இல் நேர்ந்தது அப்படியே பழவேற்காட்டுக் கதை. மேலே கெட்டிப் பொருக்கு, அடியில் உப்பு கலந்த மென்மணல். பொருக்கு உடைந்து சக்கரம் இறங்கியது. மாதக்கணக்கில் முயன்றார்கள். 2010 ஜனவரியில், இனி அது நின்ற இடத்திலேயே நின்று வேலை செய்யும் என்று அறிவித்தார்கள். அதன் இணை ஊர்தி ஆப்பர்ச்சுனிட்டி 2005இல் மணல்மேட்டில் மாட்டியபோது, பூமியில் அதேபோன்ற மண்ணைக் கலந்து, மாதிரி ஊர்தியை அதில் புதைத்து ஒத்திகை பார்த்து, ஐந்து வாரத்துக்கு மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தி வெளியே கொண்டுவந்தார்கள். அங்கே இழுக்க டிராக்டர் இல்லை என்பதால் பொறுமை வந்தது.

நமக்கும் இதில் சொந்தம் உண்டு. சந்திரயானின் ஊர்தியைச் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவு மண்ணைப்போன்ற மண் வேண்டியிருந்தது. அதற்கான அனார்த்தசைட் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கத்திலிருந்து போனது. 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ஊர்தியைச் சுமந்த சந்திரயான்-3, 2023 ஜூலை 14 அன்று புறப்பட்ட ஸ்ரீஹரிகோட்டா, இதே பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கிற தீவு. நிலவில் புதையாத சக்கரத்தை அனுப்பிய இடத்துக்கு எதிர்க்கரையில் நம் கேரவன் ஒரு முழம் புதைந்து நின்றது.

இனி வைத்தியங்கள். அந்தப் பெரியவர் கேட்ட தண்ணீரிலிருந்தே தொடங்கலாம். கேரவன் என்பது நகரும் வீடு. படுக்கை, ஏசி, பேட்டரி, எரிவாயு உருளை, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்ந்து நாலு டன்னைத் தொடுவது சாதாரணம். தொட்டியில் 100 லிட்டர் இருந்தால் அது 100 கிலோ. மீனவர் படகைக் கரையேற்றும்போது கவனித்திருக்கிறீர்களா? முதலில் வலை இறங்கும். பிறகு மோட்டாரைக் கழற்றிக் கம்பில் கட்டி இருவர் தூக்கிப்போவார்கள். வெறும் படகுக்குத்தான் தோள் கொடுப்பார்கள். கட்டுமரக் காலத்தில் கட்டையே அவிழ்ந்து தனித்தனியாகப் போகும். எடையைப் பிரிப்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். நமக்கோ எல்லாரும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு ஓட்டுநருக்கு யோசனை சொல்வது பழக்கம். தண்ணீரைத் திறந்துவிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். குழாய் மாட்டித் தள்ளிக் கொண்டுபோய் விட வேண்டும். அவசரத்தில் அடிக்குழாயைத் திறந்தால் அந்த நூறு லிட்டரும் சக்கரத்தடிக்கே போய்ச் சேரும். கழிவுநீர்த் தொட்டியை எந்நிலையிலும் அங்கே திறக்கக் கூடாது. அது மீன் பிடிக்கிற ஏரி.

அடுத்தது காற்று. 55இல் இருக்கும் டயரை 25, 30க்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் படிந்து தரையைத் தொடும் பரப்பு கூடும். மணலில் இது கைகண்ட மருந்து. பாதிப் புதைவுகளுக்கு இதுவே போதும். களியில் பலன் குறைவு, ஏனெனில் டயரின் வெட்டுகளில் களி அப்பிக்கொண்டால் டயர் வழுக்குருண்டையாகிவிடும், பரப்பு கூடினாலும் பிடிப்பு வராது. 15க்குக் கீழே இறக்கினால் ரிம்மிலிருந்து டயர் கழன்றுகொள்ளும் அபாயம் உண்டு. பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிகளில் காற்று குறைந்ததும் இரு டயர்களின் பக்கச்சுவர்களும் உரசும் என்பதால் அளவோடு இறக்கி, மெதுவாக நகர்த்த வேண்டும்.

முன்னும் பின்னும் ஆட்டுவது பற்றி இரண்டு கட்சி இருக்கிறது. இரண்டுமே சரி, மண்ணைப் பொறுத்து. மணலில் மெல்ல ஆட்டினால் சக்கரம் தனக்கு முன்னும் பின்னும் ஒரு சரிவை இறுக்கிக்கொள்ளும். களியில் ஆட்டினால் இருக்கிற கட்டியும் குழம்பாகும். எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண வண்டிகளின் டிஃப்ரன்ஷியல், எந்தப் பக்கம் எதிர்ப்பு குறைவோ அந்தப் பக்கத்துச் சக்கரத்தையே சுற்றும். ஒரு சக்கரம் சேற்றிலும் மற்றது கெட்டித் தரையிலும் இருந்தால் சேற்றுச் சக்கரம் பம்பரமாகும், கெட்டித் தரைச் சக்கரம் சும்மா நிற்கும். கைப்பிரேக் பின்சக்கரத்தில் பிடிக்கிற, பின்சக்கர இழுவை வண்டியானால், அதைப் பாதி இழுத்துப் பிடித்துக்கொண்டு மெல்ல கிளட்சை விட்டால் மறுசக்கரத்துக்கும் கொஞ்சம் விசை போகும். முதல் கியரைவிட இரண்டாவது கியர் நல்லது. உறுமாமல் ஊர்ந்தால்தான் வழுக்காது.

எல்லாவற்றுக்கும் மேலான வேலை மண்வெட்டியின் வேலை. அன்று அதைத்தான் அருகிலிருந்து பார்த்தேன். முதலில் அச்சுக்கும் டிஃப்ரன்ஷியல் குண்டுக்கும் அடியிலிருந்த மண்ணைக் கையால் வழித்து எடுத்தார்கள். வயிறு தரையில் தட்டி நிற்கிற வண்டியின் எடை சக்கரத்தில் இல்லை. அதை விடுவிக்காமல் செய்கிற எதுவும் வீண். பிறகு பின்சக்கரங்களுக்குப் பின்னால், வந்த தடத்தின்மேல், நாலடி நீளத்துக்குச் சரிவு வெட்டினார்கள். குழம்பைப் பாண்டில் அள்ளி வெளியே கொட்டினார்கள். உள்ளங்கை அகலப் பலகை ஒன்றை ஜாக்கிக்கு அடியில் வைக்கப்போன இளைஞனைப் பெரியவர் தடுத்தார். படகடியில் போடுகிற அகலப் பலகை ஒன்று வந்தது. அதன்மேல் ஜாக்கி வைத்து ஏற்றும்போது சக்கரம் நகரவே இல்லை. பலகைதான் இரண்டு அங்குலம் இறங்கியது. அப்புறம் "சளக்" என்று ஒரு சத்தம். சேறு சக்கரத்தை விட்டது.

அந்தச் சத்தத்தில் ஒரு பாடம் இருக்கிறது. களியில் புதைந்த பொருளைத் தூக்கும்போது அதற்கு அடியில் உண்டாகும் வெற்றிடத்துக்குள் நீரோ காற்றோ உடனே போக முடியாது. அதனால் சேறு கீழ்நோக்கி உறிஞ்சிப் பிடிக்கும். சேற்றில் மாட்டிய நம் காலை நேரே மேலே தூக்கினால் செருப்பு உள்ளே தங்கிவிடும். குதிகாலைத் திருகி, ஒரு பக்கம் வழி உண்டாக்கிவிட்டுத்தான் எடுப்போம். வண்டிக்கும் அதேதான். ஒரு பக்கம் தோண்டிக் காற்றுக்கு வழி விட்டால் பாதி பாரம் குறையும்.

ஜாக்கி ஏற்றிய சக்கரத்தடியில் என்ன வைப்பது? கார்விரிப்பு ரப்பர் பாயை வைப்பவர்கள் உண்டு. சக்கரம் அதைப் பின்னால் வீசியெறியும், நிற்பவர் முகத்தில் படாமல் இருந்தால் அதிர்ஷ்டம். தென்னைமட்டையை மணலில் குறுக்கே அடுக்கினால் பலிக்கும். வைக்கோலும் கோரையும் களியில் கொஞ்சநேரம் உதவும். மீனவ ஊரில் தாராளமாகக் கிடைக்கிறதே என்று பழைய வலையைப் போட்டுவிடாதீர்கள். அது அச்சில் சுற்றிக்கொண்டால் சேறு போய் வலை வந்த கதைதான். அன்று போட்டது மணல் நிரப்பிய சாக்கு இரண்டு, அதன்மேல் இடிந்த வீட்டுப் பனங்கைகள் ஆறு, சக்கரப் போக்குக்குக் குறுக்காக. ஜாக்கி ஏற்றிய வண்டிக்கு அடியில் யாரும் தலையை விடவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

சேற்றின்மேல் பரப்பி நிற்பது உலகம் முழுக்க மனிதன் கண்ட ஒரே வழி. இங்கிலாந்தின் சதுப்பில் கி.மு. 3800ஐ ஒட்டிப் போட்ட பலகைப் பாதை ஒன்றைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். 1830இல் திறந்த லிவர்பூல்–மான்செஸ்டர் இரயில்பாதையை சாட்மாஸ் சதுப்பின் குறுக்கே கொண்டுபோக ஜார்ஜ் ஸ்டீபன்சன் புதர்க்கட்டுகளையும் பின்னல்தட்டிகளையும் பரப்பி அதன்மேல் மண் போட்டார்; தண்டவாளம் ஏறத்தாழ மிதந்தது. ஜப்பானின் அரியாக்கே கடற்சேற்றில் மீனவர்கள் ஒற்றைப் பலகையில் ஒரு முழங்காலை ஊன்றி, மறுகாலால் உந்திச் சறுக்கிப் போகிறார்கள்.

இழுவைக்கு வருவோம். இதில் ஒரு கணக்கைத் தெரிந்துவைத்திருந்தால் பல விபத்துகள் தவிரும். அமெரிக்க இராணுவத்தின் வண்டிமீட்புக் கையேடு தோராயமாகச் சொல்வது: சக்கர ஆழம் புதைந்த வண்டியை அப்படியே இழுக்க அதன் எடைக்குச் சமமான விசை வேண்டும், மட்கார்டு ஆழம் புதைந்தால் இரண்டு மடங்கு. நாலு டன் கேரவனுக்கு நாலு டன் இழுவிசை. ஓர் ஆள் நின்று நிலைத்து இழுப்பது 25 கிலோ என்று வைத்தால் இருபது பேர் சேர்ந்தும் அரை டன். அதாவது தோண்டாமல் இருபது பேர் "ஏலேலோ" போட்டுப் பயனில்லை. தோண்டிச் சரிவு வெட்டிப் பலகை போட்டபின் அதே வண்டிக்கு ஐநூறு, அறுநூறு கிலோ போதும். அதே இருபது பேர் இப்போது ஏறக்குறைய போதுமானவர்கள், எஞ்சினும் மெல்லக் கை கொடுத்தால் மிச்சமும் வந்துவிடும். மண்வெட்டி மூன்றரை டன்னைத் தின்றுவிட்டது.

படகு இழுக்கிற டிராக்டர் பல குப்பங்களில் உண்டு. அது கெட்டித் தரையில் நின்றுகொண்டு நீளக்கயிற்றால் இழுக்க வேண்டும். கயிறு குட்டையென்று பக்கத்தில் வந்தால் இரண்டாவது வண்டியையும் மீட்க வேண்டியிருக்கும். ஜேசிபி என்றால் எல்லாம் தீர்ந்தது என்கிற நம்பிக்கை நம்மூரில் ஆழமானது. ஆனால் டயர் வைத்த ஜேசிபி ஏழு டன்னுக்கு மேல். கேரவனைத் தாங்காத பொருக்கு அதை எப்படித் தாங்கும்? அதே நேரம் சங்கிலிச்சக்கரம் வைத்த, நம் ஆட்கள் பொதுவாக 'ஹிட்டாச்சி' என்று அழைக்கிற 20 டன் எந்திரம், சதுர சென்டிமீட்டருக்கு அரைக்கிலோ அளவே அழுத்தும். ஒற்றைக்காலில் நிற்கும் மனிதனின் பாதம்தான் அது. எடை வேறு, அழுத்தம் வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

எந்திரம் எதுவும் இல்லாத இடத்தில் கயிறே எந்திரம். கெட்டியான மரத்துக்கும் வண்டிக்கும் இடையில் கயிற்றை விறைப்பாகக் கட்டி, நடுவில் பக்கவாட்டில் தள்ளினால், கயிறு ஐந்து பாகை வளைந்திருக்கும்போது தள்ளுகிற விசை ஏறக்குறைய ஐந்தே முக்கால் மடங்காக வண்டியில் விழும். நகர்வது சில அங்குலம்தான். நகர்ந்ததும் அடியில் கட்டை கொடுத்துவிட்டு மறுபடி இறுக்க வேண்டும். மரமே இல்லாத வெட்டவெளியில் ஸ்டெப்னியையோ நங்கூரத்தையோ ஆழப் புதைத்து அதில் கட்டலாம். எப்படி இழுத்தாலும், விறைத்த கயிற்றின் நேரில் யாரும் நிற்கக் கூடாது. அறுந்த கயிறு, அதன் முனையில் கொக்கியும் இருந்துவிட்டால், ஆளைக் கொல்லும். பம்பரில் கட்டாமல் சேசிஸில் இழுவைக்கென்று இருக்கிற வளையத்தில் கட்டுங்கள்.

முகத்துவாரத்து மீனவர்களுக்கு இந்தத் துன்பம் வருடாவருடம் வருவது. மணல் தூர்ந்து வாய் அடைபடும்போது படகு தரைதட்டும். அலை பக்கவாட்டில் அடிக்கும். இறங்கித் தள்ளத்தான் வேண்டும். கரையில் வண்டி புதைந்தால் நேரம்தான் போகிறது, அங்கே உயிரே போகலாம். வெளியிலிருந்து வருகிறவருக்கு ஓதத்தின் கணக்கு தெரியாது என்பதும் ஓர் ஆபத்து. சென்னைக் கரையில் ஓத வேறுபாடு ஒரு மீட்டர் அளவுதான், பயமுறுத்துகிற அளவு இல்லை. இங்கிலாந்தின் மோர்கம்பே விரிகுடாவில் அது பல மீட்டர். 2004 பிப்ரவரியில் மட்டி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோரை ஏறுகிற கடல் கொண்டுபோனது. அந்த மணலைக் கடப்பவருக்கு வழிகாட்ட அரச முடியே காலங்காலமாக ஒருவரை நியமித்துவந்திருக்கிறது; செட்ரிக் ராபின்சன் 1963 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த வேலையைப் பார்த்தார். பழவேற்காட்டிலும் அப்படி ஒருவர் ஒவ்வொரு குப்பத்திலும் இருக்கிறார். அவருக்கு யாரும் நியமன ஆணை தருவதில்லை. நாமும் இறங்குவதற்கு முன் கேட்பதில்லை, புதைந்தபின் கேட்கிறோம்.

கேரவன் சுற்றுலா வளரத்தான் போகிறது. கேரளம் 2021இல் இதற்கென்று கொள்கையே வகுத்து, வண்டிக்குச் சமமாக வண்டி நிறுத்தும் பார்க்குகளையும் முன்வைத்தது. அந்த யோசனையின் உயிர் வண்டியில் இல்லை, நிறுத்தும் தரையில் இருக்கிறது. பழவேற்காட்டுக்கு வேண்டியது ஆடம்பரம் ஒன்றுமில்லை. சாலையை ஒட்டி நாலைந்து பெரிய வண்டி நிற்கும் அளவுக்குச் சரளை அடித்து இறுக்கிய மேடு, கழிவுநீர் இறக்க ஒரு தொட்டி, "இதற்கப்பால் களி" என்று ஒரு பலகை. தமிழகப் பகுதி ஏரி 1980 முதல் பறவைகள் சரணாலயம். அதற்குள் நினைத்தபடி வண்டியை இறக்க வனவிலங்குச் சட்டம் இடம் தராது. கடற்கரைப் பக்கமோ தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை முட்டையிடும் மணல். புதையாமல் ஓட்டத் தெரிந்தவருக்கும் அங்கே வேலை இல்லை. பூநாரையைப் பார்க்கக் கண்ணாடி வில்லை போதும், சக்கரம் அதன் பக்கத்தில் போகத் தேவையில்லை.

அந்த ஞாயிறன்று வண்டி வெளியே வர இரண்டே கால் மணி நேரம் ஆயிற்று. இழுத்தது அதில் நாலு நிமிடம். தள்ளிய இளைஞர்கள் கைகழுவிக்கொண்டிருக்கும்போதே குடும்பம் அவசரமாகக் கிளம்பியது. டயரில் குறைந்த காற்றோடு பொன்னேரி வரைக்கும் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும் என்று சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. பெரியவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பவும் அந்த இடத்துக்கே போனார்.

உங்கள் வண்டியும் ஒருநாள் அங்கே புதைந்தால், உதவியவர்களுக்குக் கூலியைக் கேட்காமலே கொடுங்கள். வெட்டிய பள்ளத்தை மூடிவிட்டுக் கிளம்புங்கள். விடியுமுன் இருட்டில் அந்த வழியாகத்தான் வலை சுமந்து ஆள் போவார்கள்.